கணவனுக்கும் 1.2, மனைவிக்கும் 1.2

60 வயதான கணவன், மனைவி இருவரின் இரத்தப் பரிசோதனைத் துண்டிலும் கிரியேட்டினின் 1.2. "ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதானே டொக்டர்" என்பார்கள். அளவு ஒன்றுதான், நிலைமை வேறு. கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, அதைச் சிறுநீரகம்தான் வெளியேற்றுகிறது. பெண்ணுக்குத் தசை குறைவு, அதனால் அவருக்கு அது குறைவாகத்தான் இருக்க வேண்டும். வயது, ஆணா பெண்ணா, கிரியேட்டினின் மூன்றையும் வைத்துக் கணக்கிடும் 2021இல் வந்த சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், சிறுநீரகம் எவ்வளவு இரத்தத்தை வடிகட்டுகிறது என்று காட்டும் வடிகட்டல் அளவு (eGFR) கணவனுக்கு ஏறக்குறைய 69, மனைவிக்கு 52. மூன்று மாதத்துக்கு மேல் 60க்குக் கீழே நின்றால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். காலமெல்லாம் மலையில் கொழுந்து பறித்து மெலிந்துபோன உடம்பென்றால், இந்த 52கூடக் கொஞ்சம் கூட்டிக் காட்டுவதாகவே இருக்கலாம்.

உலகளவில் இந்த நோய் பெண்களிடம்தான் அதிகம். ஆனால் டயலிசிஸ் கட்டிலில் அதிகம் படுப்பவர்கள் ஆண்கள். ஆண்களுக்கு நோய் வேகமாக முற்றுகிறது. மாதவிடாய் நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜன் என்ற ஹோர்மோன் பெண்ணுக்கு ஓரளவு காவல் என்று கருதுகிறோம். ஆண்கள் பக்கம் புகையும் கட்டுக்கடங்காத பிரஷரும் சேர்கின்றன. "தலை சுத்தல்ல, பிறகு எதுக்குக் குளிசை?" என்று பாதியில் நிறுத்துபவர்களும் எங்கள் கிளினிக்கில் பெரும்பாலும் ஐயாமார்தான். அதற்காகப் பெண்கள் தப்பிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிந்திக் கண்டுபிடிக்கப்படுவதும், டயலிசிஸ்வரை போகாமலே வீட்டோடு இருந்துவிடுவதும் அவர்களிடம் அதிகம். சிறுநீரகம் கொடுப்பதில் மட்டும் பெண்கள் முன்னால், பெறுவதில் பின்னால்!

அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் விவசாயிகளைத் தாக்கும் காரணம் தெரியாத சிறுநீரக நோய் வேறு கதை. இங்கே தேயிலைத் தோட்டப் பக்கம் நான் பார்ப்பது பெரும்பாலும் சீனி வருத்தமும் பிரஷரும்தான். அதற்கு மேல், கூடை சுமந்த இடுப்பு வலிக்குப் பார்மசியில் வாங்கி மாதக்கணக்கில் போடும் டைக்குளோபெனாக் என்ற வலிக்குளிசை, அதுவும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மலையில் கழிப்பறை இல்லையென்று தண்ணீரே குடிக்காமல் பின்னேரம்வரை அடக்கிக்கொள்ளும் அக்காமாருக்குச் சிறுநீர்க் கிருமித்தொற்று அடிக்கடி வரும். அது மட்டுமே சிறுநீரகத்தைக் கெடுப்பது அபூர்வம். ஆனால் குளிர் காய்ச்சலோடு திரும்பத் திரும்ப வந்தால் ஸ்கேன் பார்க்க வேண்டும்.

பிள்ளை வயிற்றிலிருந்தபோது பிரஷர் ஏறியதா? இருபது வருடம் கழிந்திருந்தாலும் டொக்டரிடம் சொல்லுங்கள், பிற்காலத்தில் சிறுநீரகம் பழுதாகும் வாய்ப்பை அது கூட்டும். சீனியோ பிரஷரோ இருந்தால் ஆணானாலும் பெண்ணானாலும் வருடத்துக்கு ஒரு தடவை இரத்தத்தோடு சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். கிரியேட்டினினை மட்டும் எழுதித் தந்தால், வடிகட்டல் அளவையும் கிளினிக் கொப்பியில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள்.