நடுவில் ஒரு பில் இலக்கம் ஏன் காணாமல் போகிறது?

பெரும்போக அறுவடை முடிந்து சம்மாந்துறைப் பக்கம் ரைஸ் மில் வாசல்களில் நெல் மூடையோடு ட்ராக்டர்கள் வரிசை கட்டும் நாட்களில், பில் போடும் சொஃப்ட்வெயார் எழுதிக் கொடுத்தவனுக்கு ஒரு கோல் கட்டாயம் வரும். "தம்பி, 1042 இருக்கு, 1044 இருக்கு, நடுவுல 1043ஐக் காணல்லயே. ஆரும் அழிச்சிட்டானுகளா?" முதலாளிக்குச் சந்தேகம் கவுண்டரில் இருக்கும் பொடியன் மேல். பெரும்பாலும் அவன் பாவம், ஒன்றுமே செய்திருக்க மாட்டான். டேட்டாபேஸ் அப்படி இலக்கத்தைத் தாண்டிப் போவதற்கென்றே கட்டப்பட்டிருக்கிறது.

தொடர் இலக்கம் வேண்டும் என்றதும் முதலில் தோன்றும் வழி, டேபிளில் இருப்பதில் பெரிய இலக்கத்தைப் பார்த்து ஒன்று கூட்டுவது. ஒரே ஆள் ஒரே கொம்பியூட்டரில் வேலை செய்யும்வரை இது அழகாக ஓடும். இரண்டாவது கவுண்டர் திறந்த அன்றைக்கே பிரச்சினை தொடங்கும். இரண்டு பேரும் ஒரே கணத்தில் பார்க்கிறார்கள், இருவருக்கும் 1042 தெரிகிறது, இருவரும் 1043 என்று எழுதுகிறார்கள். இலக்கம் இருக்கும் நிரலுக்கு (கொலம்) முதன்மைச் சாவியோ தனித்துவக் கட்டுப்பாடோ, அதாவது ஒரே இலக்கம் இரண்டு தடவை வரவிடாத தடை, போட்டிருந்தால் ஒருவருக்கு எரர் வரும். போடாவிட்டால் ஒரே இலக்கத்தில் இரண்டு பில், இரண்டு விவசாயி, இரண்டு தொகை. இன்னொரு கோளாறும் உண்டு: கடைசி பில்லை அழித்தால் அடுத்த ஆளுக்கு அதே இலக்கம் திரும்பப் போகும், பழைய 1043 அச்சடித்த தாளாக யாரோ ஒருவரின் சட்டைப்பையில் இருக்கும்போதே.

இதற்காகத்தான் சீக்குவன்ஸ் என்ற ஒன்று வந்தது. அது டேபிளுக்கு வெளியே தனியாக இருக்கும் ஒரு சின்னப் பொருள். எங்கே தொடங்க வேண்டும், எத்தனை எத்தனையாகக் கூட்ட வேண்டும், எதுவரை போகலாம், கடைசியாகக் கொடுத்தது என்ன, இவ்வளவுதான் அதன் உடைமை. "கிரியேட் சீக்குவன்ஸ்" என்று ஒரு வரி, 1001இல் தொடங்கு, ஒன்றொன்றாகக் கூட்டு என்று சொன்னால் போதும், பிறகு "நெக்ஸ்ட்வால்" என்று கேட்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு புது இலக்கம் வரும். ஒராக்கிள் என்ற டேட்டாபேஸில் இது நெடுங்காலமாக இருக்கிறது; டேட்டாபேஸோடு பேசும் மொழியான எஸ்கியூஎல்லின் தர நிர்ணயத்துக்குள் 2003ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்தது; எஸ்கியூஎல் சேர்வர் என்ற டேட்டாபேஸ் 2012 பதிப்பில்தான் சேர்த்துக்கொண்டது. மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில் தனிப் பொருள் கிடையாது, நிரலோடு ஒட்டித் தானாகக் கூட்டிக்கொள்ளும் ஓட்டோ இன்கிரிமென்ட் மட்டும்தான்.

இனி அந்த 1043க்கு வருவோம். ஒரு பில் போடுவது டேட்டாபேஸுக்கு ஒரு ட்ரான்சாக்‌ஷன்: பில் நிரை (டேபிளில் ஒரு வரி) எழுது, மூடைக் கணக்கு எழுது, கையிருப்பைக் கூட்டு. எல்லாம் சரிவந்தால் கொமிட், எங்காவது தட்டினால் ரோல்பேக், எதுவுமே நடக்காத மாதிரி. ஆனால் சீக்குவன்ஸ் இந்த ஒப்பந்தத்துக்குள் வராது. இலக்கத்தைக் கொடுத்த கையோடு அது முன்னே நகர்ந்துவிடும், ரோல்பேக் ஆனாலும் திரும்ப வாங்கிக்கொள்ளாது. பேங்கில் டோக்கன் எடுத்தவர் பொறுமை இழந்து எழும்பிப் போனால் அந்த இலக்கத்தை அடுத்தவருக்குக் கொடுப்பதில்லையே, அதே கதைதான்.

ஏன் திரும்ப வாங்கக்கூடாது? யோசித்துப் பாருங்கள். முதல் கவுண்டர் 1043 எடுத்து இன்னும் மூடைகளைப் பதிந்துகொண்டிருக்கிறது. இரண்டாவது கவுண்டர் 1044 எடுத்து, பில்லை முடித்து, அச்சடித்துக் கையிலும் கொடுத்துவிட்டது. இப்போது முதலாவது ரோல்பேக் ஆகிறது. ஓட்டை விழவே கூடாது என்றால் ஒரே வழி, முதல் கவுண்டர் முடிக்கும்வரை இரண்டாவது கவுண்டருக்கு இலக்கமே கொடுக்காமல் நிறுத்தி வைப்பது. மூன்று கவுண்டரில் சமாளிக்கலாம். ஒரு விநாடியில் ஆயிரக்கணக்கான பதிவு வரும் இடத்தில் அத்தனை பேரும் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் நிற்க வேண்டும். அதனால் டேட்டாபேஸ் எழுதியவர்கள் ஒரு முடிவெடுத்தார்கள்: ஒரே இலக்கம் இருவருக்குப் போகாது, அதற்கு உத்தரவாதம், இடைவெளி விழாது என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. என்னைக் கேட்டால் சரியான முடிவு. அதைப் பயன்படுத்துபவர்களுக்கு யாரும் உரக்கச் சொல்லாமல் விட்டதுதான் தொல்லை.

ஒன்று இரண்டு போவது பரவாயில்லை, ஒரேயடியாக ஆயிரம் தாண்டினால்? அதுவும் நடக்கும். ஒவ்வொரு இலக்கத்துக்கும் டிஸ்கில் எழுதினால் நேரம் போகும் என்று டேட்டாபேஸ் ஒரு கட்டு இலக்கத்தை முன்கூட்டியே எடுத்து நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். ஒராக்கிள் தானாக எடுப்பது 20. போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ், விபத்துக்குப் பிறகு மீள்வதற்கான பதிவேட்டில் 32 இலக்கம் முன்னாலேயே குறித்துவிடும். எஸ்கியூஎல் சேர்வரின் ஐடென்டிட்டி நிரல், அதாவது தானாக இலக்கம் போட்டுக்கொள்ளும் நிரல், சாதாரண முழு எண் வகையாக இருந்தால் 1000 வரை தாவக்கூடும். கரண்ட் பட்டென்று போனால் நினைவகத்தில் இருந்த மிச்சம் போச்சு. 2022இல் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு பார்த்த நாடு இது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததாகச் சொல்லி நாடே இருண்டது. யூபிஎஸ் இல்லாமல் சேர்வர் வைத்திருப்பவர் அடுத்த நாள் பில் இலக்கத்தைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். அதைக் குரங்கின் கணக்கில் எழுதலாம்.

மைஎஸ்கியூஎல் ஒரு காலத்தில் நேரெதிராகச் சறுக்கியது. அதில் டேட்டாவைச் சேமிக்கும் இன்னோடிபி பகுதி 8.0 பதிப்புக்கு முன்னர் அடுத்த இலக்கத்தைச் சொல்லும் எண்ணியை நினைவகத்தில் மட்டும் வைத்திருந்தது. சேர்வரை நிறுத்தித் தொடங்கினால் டேபிளில் இருக்கும் பெரிய இலக்கத்தைத் தேடி ஒன்று கூட்டிக்கொள்ளும். ஆக, கடைசிப் பதிவை அழித்துவிட்டு சேர்வரை மீளத் தொடங்கினால் பழைய இலக்கம் மறுபடி உயிர்பெறும். ஓட்டையைவிட இது ஆபத்து. 8.0இல் எண்ணியையும் பதிவேட்டில் எழுதத் தொடங்கினார்கள்.

போஸ்ட்கிரெஸ் ஆட்களுக்கு ஒரு பொறி தனியாக உண்டு. பழைய எக்செல் கணக்கை இலக்கத்தோடு அப்படியே டேபிளுக்குள் ஏற்றினால், சீக்குவன்ஸுக்கு அது தெரியவே தெரியாது. அது பாட்டுக்கு 1இல் நிற்கும். முதல் புது பில்லிலேயே "இந்தச் சாவி ஏற்கெனவே இருக்கிறது" என்று எரர். ஏற்றி முடித்த கையோடு "செட்வால்" கொடுத்து எண்ணியை முன்னே தள்ள வேண்டும். 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் இருந்து ஐடென்டிட்டி நிரலும் இருக்கிறது. அதில் "ஓல்வேஸ்" என்று போட்டால், கையால் இலக்கம் கொடுப்பதைச் சாதாரணமாக ஏற்றுக்கொள்ளாது. புதிதாகத் தொடங்குபவர்கள் பழைய "சீரியல்" நிரல் வகையை விட்டு இதையே எடுங்கள்.

இலக்கம் முடிந்துபோகுமா? நான்கு பைட் முழு எண்ணுக்கு எல்லை 2147483647. பெரிதாகத் தெரிந்தாலும், 2018 நவம்பரில் பேஸ்கேம்ப் 3 என்ற சேவை இந்த எல்லையில் முட்டி ஏறக்குறைய 5 மணி நேரம் புதிதாக எதையும் எழுத முடியாமல் நின்றது. எட்டு பைட் பிக்இன்ட் எடுத்தால் விநாடிக்கு 10 லட்சம் இலக்கம் செலவழித்தாலும் 2 லட்சத்து 90 ஆயிரம் ஆண்டுக்கு மேல் தாங்கும்.

சரி, ஓடிட்டருக்கு என்ன சொல்வது? பெறுமதி சேர் வரிச் சட்டப்படி (2002ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கம்) வரிப் பற்றுச்சீட்டில் தொடர் இலக்கம் இருக்க வேண்டும், நடுவில் காணாவிட்டால் அவர் கேட்கத்தான் செய்வார். ஆகவே இரண்டு இலக்கம் வையுங்கள். உள்ளுக்குள் நிரையை அடையாளம் காண சீக்குவன்ஸ் தரும் இலக்கம், அது எப்படித் தாவினாலும் யாரும் பார்க்கப் போவதில்லை. வெளியே அச்சடிக்கும் பில் இலக்கத்துக்கு ஒரு சின்ன டேபிள், அதில் ஒரே நிரை, கடைசி இலக்கம் மட்டும். பில்லை எழுதும் அதே ட்ரான்சாக்‌ஷனுக்குள் அந்த நிரையில் ஒன்று கூட்டி எடுங்கள். ரோல்பேக் ஆனால் கூட்டியதும் சேர்ந்து திரும்பும், ஓட்டை விழாது. விலை என்னவென்றால் கொமிட் ஆகும்வரை அந்த நிரை பூட்டியிருக்கும், மற்றவர்கள் காத்திருப்பார்கள். அதனால் பில் திரை திறந்தவுடனே இலக்கம் எடுக்காதீர்கள், பொடியன் பாதியில் பிளேன்டீ குடிக்கப் போனால் மில் முழுக்க நிற்கும். எல்லாம் பதிந்து "சேவ்" அழுத்திய பிறகு, கடைசி வேலையாக எடுத்தால் பூட்டு கண் இமைக்கும் நேரம்தான். தவறான பில்லை அழிக்கவும் விடாதீர்கள், "ரத்து" என்று குறித்து அப்படியே வைத்திருங்கள்.

அக்கரைப்பற்றில் ஒரு கிளை திறந்து, இரண்டு இடத்துக்கும் நடுவில் இன்டர்நெட் வந்து வந்து போகிறது என்றால் ஒரு இடத்துக்கு ஒற்றை, மற்றதுக்கு இரட்டை என்று இரண்டிரண்டாகக் கூட்டச் சொல்லலாம், மைஎஸ்கியூஎல்லில் அதற்கென்றே அமைப்பு இருக்கிறது. ஆனால் ஒலுவிலில் மூன்றாவது கிளை வந்தால் அந்தக் கணக்கு குழம்பும். கிளைக்கு ஒரு குறியீட்டு நிரல், அதோடு அந்தக் கிளையின் சொந்த இலக்கம், இரண்டும் சேர்ந்து சாவி என்று முதலிலேயே வைத்துவிட்டால் எத்தனை கிளை வந்தாலும் டேபிளைத் தொட வேண்டியதில்லை.