பிக்சல் உடைகிறதா, கட்டம் விழுகிறதா?

நெட்டில் மேட்ச் ஓடுகிறது, சிக்ஸர் பறக்கிறது. கேமரா பந்தைத் துரத்திக்கொண்டு கூட்டத்தின் மேல் பாயும் அந்த நொடியில் முகங்கள் எல்லாம் சதுரம் சதுரமாகக் கரைந்துபோகும். உடனே "பிக்சல் உடையுது" என்போம்.

பிக்சல் ஓர் ஒட்டுச்சொல். 'பிக்சர்ஸ்' என்பதை ஆங்கிலப் பத்திரிகைகள் 'பிக்ஸ்' என்று சுருக்கின. அதோடு கூறு எனப் பொருள்படும் 'எலிமென்ட்'டின் தலையை ஒட்டினால் பிக்சல். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் விண்கலப் படங்களைக் கையாண்ட ஃபிரெட் பில்லிங்ஸ்லி 1965இல் தன் கட்டுரைகளில் இதை எழுதினார். அச்சில் ஏறியது அப்போதுதான், ஆனால் சொல் அவர் படைத்ததில்லை. வேறொரு நிறுவனத்தில் இருந்தவரிடம் கேட்டு எடுத்துக்கொண்டது. கருத்து இன்னும் பழையது. படத்தைத் தொலைவுக்கு அனுப்பும் கருவிக்கு 1880களில் காப்புரிமை வாங்கிய ஜெர்மானியர் பவுல் நிப்கோவ் 'பில்ட்புங்க்ட்' என்றார். பில்ட் என்றால் படம், புங்க்ட் என்றால் புள்ளி.

தமிழில் படவணு, படப்புள்ளி என்று இரண்டு சொற்கள் உண்டு. என் ஓட்டு படப்புள்ளிக்கு. விளக்கம் கேட்க வைக்காத சொல்.

சரி, சிக்ஸரில் உடைந்தது படப்புள்ளியா? இல்லை. 1080பி படத்தில் 1920 × 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 24 பிட் (தகவலின் மிகச் சிறிய அலகு), நொடிக்கு 25 படம் என்று கணக்குப் போட்டால் நொடிக்கு 124 கோடி பிட் வரும். அதை 5 மெகாபிட்டுக்குள் (50 லட்சம் பிட்), கிட்டத்தட்ட 250இல் ஒரு பங்காகத் திணித்துத்தான் நமக்கு அனுப்புகிறார்கள். இப்படி வீடியோவைச் சுருக்கும் எச்.264 முறை ஒவ்வொரு படத்தையும் 16 × 16 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, முந்தைய படத்திலிருந்து மாறியதை மட்டும் குறித்துக்கொள்ளும். செய்தி வாசிப்பவருக்கு வாய் மட்டுமே அசைகிறது. இருக்கிற பிட் தாராளம். கேமரா கூட்டத்தின் மேல் ஓடும்போது எல்லாக் கட்டமும் ஒரே நேரத்தில் மாறுகிறது, பிட் போதாது. கட்டத்துக்குள் இருக்கும் நுணுக்கத்தை வெட்டிவிடுவதால் அதன் ஓரம் வெளியே தெரிகிறது. புள்ளிகளின் எண்ணிக்கை குறையவே இல்லை.

அதனால் 'பிக்சலேஷன்' என்பதற்குக் 'கட்டம் விழுதல்' என்றே எழுதலாம். "படம் கட்டம் கட்டமா வருது" என்று வீட்டில் சொல்கிறார்களே, கடைக்காரர் சொல்லும் "பிக்சல் ப்ராப்ளம்" என்பதைவிட அது துல்லியம். 'படச்சிதைவு' என்போரும் உண்டு. கோடு விழுவது, நிறம் மாறுவது எல்லாம் அதில் அடங்கிவிடும் என்பதால் எனக்கு உடன்பாடில்லை.

பழுது பார்க்கவும் இந்த வேறுபாடு உதவும். வேகமான காட்சியில் மட்டும் கட்டம் விழுந்தால், பெரும்பாலும் அனுப்புகிறவரே பிட்டில் கஞ்சத்தனம் செய்கிறார். நம் பக்கம் செய்ய ஒன்றுமில்லை. படம் மொத்தமும் மங்கினால் பிளேயர் தெளிவைக் கீழிறக்கியிருக்கும். கணினியில் யூடியூப் வீடியோ மேல் ரைட் கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' திறந்தால், எந்த அளவில் (1920 × 1080 போல) படம் ஓடுகிறது என்று தெரியும். குறைவாக இருந்தால் முதலில் வைஃபையை 2.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 5க்கு மாற்றிப் பாருங்கள். அப்புறம் போன். திருட்டு நகலைத் தடுக்கும் கூகுளின் வைட்வைன் பாதுகாப்பில், கீழ்ப்படியான எல்3 நிலையில் இருக்கும் போனுக்கு நெட்ஃபிளிக்ஸ் எச்.டி. தராது, இணைப்பு எவ்வளவு வேகமாக இருந்தாலும்.