உள்ளே கதகதப்பு, கீழே உறைந்த குழாய்

போன டிசம்பரில் நாங்கள் நான்கு பேர் ஏற்காட்டில் ஒரு ராத்திரி வேனிலேயே படுத்துக் கிடந்தோம். கேரவன் என்றதும் நம் ஊரில் நடிகர்கள் உட்காரும் வண்டிதான் ஞாபகத்துக்கு வரும். எங்களுடையது சீட்டைக் கழற்றிவிட்டு மெத்தை போட்ட பழைய வேன். குளிருக்குப் பயந்து கண்ணாடிகளை இறுக ஏற்றிவிட்டோம். விடியற்காலை என் நெற்றியில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. வெளியே மழை இல்லை. கூரைத் தகட்டின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாக வியர்த்திருந்தது.

அதைப் படம் எடுத்து கனடாவில் இருக்கும் அத்தை பையனுக்கு அனுப்பினேன். அவன் கால்கரியில், காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் வீடு மாதிரியான டிரெய்லர் வைத்திருக்கிறான், பனிக்காலத்திலும் அதை இழுத்துக்கொண்டு எங்காவது கிளம்பிவிடுவான். பதிலுக்கு அவன் அனுப்பிய படத்தில் ஒரு பிளாஸ்டிக் எல்போ (குழாய் வளையும் இடத்தில் மாட்டும் துண்டு) நடுவில் பிளந்து கிடந்தது. "உனக்கு மேல சொட்டுது, எனக்குக் கீழ வெடிச்சிருச்சு மாப்ள" என்றான்.

சேலம் டவுன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டர் சொச்சம். ஒரு கிலோமீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அதனால் 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போய்ச் சேரும்போது எட்டு டிகிரி வாக்கில் இறங்கியிருக்கும். நமக்கு ஸ்வெட்டரும் குல்லாவும் தேடவைக்கும் அந்தக் குளிர் குழாயை உறைய வைக்கப் போதாது. அவன் ஊரில் மைனஸ் 20 என்பது சாதாரணம்.

முதலில் எங்கள் வேன். சும்மா படுத்திருக்கும் மனித உடம்பு பழைய குண்டு பல்பு அளவுக்கு, ஏறக்குறைய 100 வாட், சூட்டை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. கம்பளி எந்தச் சூட்டையும் உண்டாக்காது. இழைகளுக்கு நடுவே காற்றை அசையாமல் பிடித்து வைத்து, நம் சூடு சீக்கிரம் ஓடிவிடாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். நான் இரண்டு கம்பளியை மேலே போர்த்திக்கொண்டு அடியில் மெல்லிய மெத்தையும் ஒரு பவானி ஜமுக்காளமும் போட்டுப் படுத்தேன். செய்திருக்க வேண்டியது தலைகீழ். உடம்பின் கனத்தில் மெத்தை நசுங்கிவிடும், அதில் இருந்த காற்றும் போய்விடும். அதற்குக் கீழே இரும்புத் தகடு, தகட்டுக்குக் கீழே மலைக்காற்று. முதுகு சில்லிட்டது அதனால்தான். ஒரு தெர்மாகோல் பலகையோ, பிரித்துப் போட்ட நான்கு அட்டைப்பெட்டியோ அடியில் இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

கூரையில் வியர்த்தது எங்கள் மூச்சு. மூச்சிலுள்ள ஈரம் குளிர்ந்த தகட்டில் பட்டதும் தண்ணீராகிவிட்டது. உள்ளே கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர் காய்வோரின் பாடு இன்னும் மோசம்: ஒரு கிலோ புரோபேன் எரிந்தால் 1.6 லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளிவரும். ஈரத்தையாவது துடைத்துவிடலாம். மூடிய வண்டிக்குள் எரியும் எதிலிருந்தும், முக்கியமாகக் கரியடுப்பிலிருந்து, கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். வண்டிக்குள் கரி கூடவே கூடாது. கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வைத்தால் ஈரமும் வெளியேறும், கொஞ்சம் குளிரும். குளிர்ந்தால் குளிர்ந்துவிட்டுப் போகட்டும்.

சரி, அந்த எல்போவுக்கு வருவோம். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். சோடா பாட்டிலை ஃப்ரீசரில் மறந்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் குழாய் வெடிப்பது பெரும்பாலும் பனிக்கட்டி உருவான இடத்தில் இல்லை. குழாயின் நடுவே எங்கோ பனிக்கட்டி ஒரு தக்கைபோல அடைத்துக்கொள்கிறது. மறுமுனையில் டேப் மூடியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீருக்குப் போக்கிடமே இல்லை. பனிக்கட்டி வளர வளர ஊசிமருந்துக் குழலின் தண்டுபோல அந்தத் தண்ணீரைத் தள்ளுகிறது. தண்ணீரோ லேசில் அமுங்காது, அழுத்தம் எகிறுகிறது. எது பலவீனமோ அது பிளக்கும், அனேகமாக ஏதாவது ஒரு ஜாயிண்ட். பிளந்தது உடனே தெரியவும் செய்யாது. பனிக்கட்டி உருகி, தண்ணீர் பீறிடும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

இதெல்லாம் அவனுக்கும் தெரியும். அவன் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். அந்த டிரெய்லரில் கேஸில் ஓடும் ஹீட்டர் ஒன்று இருக்கிறது. அதன் சூடான காற்றில் ஒரு பகுதி தரைக்குக் கீழே, டேங்கும் குழாய்களும் இருக்கும் இடத்துக்கும் போகும். கேஸை மிச்சப்படுத்தலாம் என்று இவன் ஒரு சின்ன மின்சார ஹீட்டரை வாங்கி உள்ளே வைத்தான். அறை நன்றாகச் சூடாகிவிட்டது. சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட், சூடு போதும் என்று கேஸ் ஹீட்டரை ஓடவே விடவில்லை. மேலே இவன் பனியனோடு உட்கார்ந்திருக்க, கீழே குழாய்கள் மைனஸில் கிடந்தன.

இப்போது கேஸ் ஹீட்டரைத்தான் ஓட்டுகிறான். வண்டியைச் சுற்றித் தரைவரை தடித்த தார்ப்பாய் கட்டுகிறான், அடியில் காற்று புகுந்தால் சூடு நிற்காது. வெளியே தெரியும் குழாயில் மின்சாரத்தில் சூடாகும் பட்டையைச் சுற்றியிருக்கிறான். ராத்திரி சிங்க்குக்குக் கீழே இருக்கும் அலமாரிக் கதவைத் திறந்து வைக்கிறான், அறையின் சூடு உள்ளே இருக்கும் குழாய்க்கும் போகட்டும் என்று. அப்புறம் டேப்பை நூல் மாதிரி ஒழுக விடுகிறான். ஓடும் தண்ணீர் உறைய நேரமாகும், உறைந்தாலும் அழுத்தம் வெளியேற ஒரு வழி இருக்கும்.

ஒரு நாள் வீடியோ காலில் அத்தை இதைப் பார்த்துவிட்டாள். தண்ணீர் விடும் நாளை எண்ணி எண்ணிக் குடத்தை வரிசையில் வைத்து வாழ்ந்தவள். "டேப்பை மூடுடா" என்று ஒரே சத்தம்.

"பக்கெட் வச்சுத்தாம்மா பிடிக்கிறேன்" என்றான். சிக்கனத்துக்காக இல்லை. சொட்டுச் சொட்டாகப் போகும் தண்ணீர் கழிவுக்குழாயில் படிந்து உறைந்து, அதையும் அடைத்துவிடுமாம்.