நெப்போலியனைப் பற்றிய அந்தத் தலைப்புகளை இனியாவது சரிபார்த்துப் பகிருங்கள்

கடந்த வாரம் ஒரு கல்லூரி ஆண்டு மலருக்கான கட்டுரை, மெய்ப்புப் பார்ப்பதற்காக என்னிடம் வந்தது. போர்க்கால நாளிதழ்களின் வேடிக்கையான தலைப்புகளைத் தொகுத்திருந்த அக்கட்டுரையின் முதல் பத்தியிலேயே நெப்போலியன் துணுக்கு இருந்தது. இந்த ஆண்டில் மட்டும் அதே துணுக்கை நான் நீக்கச் சொல்வது இது நான்காவது முறை. செய்தி மேசையில் 20 ஆண்டுகளுக்கு மேல் தலைப்பு எழுதியும் திருத்தியும் பழகியவன் என்ற முறையில், இதைப் பொதுவில் எழுதிவிடுவதே நல்லது என்று தோன்றியது.

துணுக்கு உங்களுக்கும் வந்திருக்கும். 1815இல் நெப்போலியன், ஆட்சி இழந்து அனுப்பப்பட்டிருந்த எல்பாத் தீவிலிருந்து தப்பிப் பாரிசை அடையும் வரை, பிரெஞ்சு அரசின் அதிகாரபூர்வ நாளிதழான 'மோனித்தர்' நாள்தோறும் வெளியிட்ட தலைப்புகள் என்று ஒரு பட்டியல் தரப்படும். 'நரமாமிசம் தின்பவன் குகையை விட்டுப் புறப்பட்டான்' என்று தொடங்கி, 'அரக்கன் கிரெனோபிளில் தங்கினான்', 'கொடுங்கோலன் லியோனைக் கடந்தான்' என்று வளர்ந்து, பாரிஸ் நெருங்க நெருங்க வசை குறைந்து, 'மாட்சிமை தங்கிய பேரரசர் தம் அரண்மனைக்கு எழுந்தருளினார்' என்று முடியும். தமிழில் இதற்கு ஒரு கூடுதல் சுவையும் சேர்ந்துவிடுகிறது: பெயர் மாறும்போதே 'ஆன்' விகுதியும் 'ஆர்' ஆகிவிடுகிறது. இதைப் படித்துச் சிரிக்காதவர் இருக்க முடியாது.

ஆனால் அந்த நாளிதழில் அப்படிப்பட்ட தலைப்புகள் வரவே இல்லை. நாவலாசிரியர் அலெக்சாந்தர் டூமா தம் பயண எழுத்தில் சுவைபடச் சொல்லிப் பரப்பிய பட்டியல் அது; நாளிதழின் பக்கங்களைப் புரட்டினால் கிடைக்காது. எங்கள் தொழிலில் இருப்பவருக்கு இது பார்த்த உடனேயே உறுத்த வேண்டும். 1815இல் நாளிதழ்கள் பக்க அகலத்துக்குத் தலைப்புப் போடவில்லை. ஊர்ப் பெயரும் தேதியும் இட்டு, அதன் கீழே செய்தியைப் பொடி எழுத்தில் தொடர்ந்து அச்சிட்டார்கள். இன்றைய முதல் பக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அன்றைய நாளிதழைக் கற்பனை செய்வதால்தான் இத்துணுக்கு இத்தனை எளிதாக நம்பப்படுகிறது.

தேதிகளையும் பாருங்கள். நெப்போலியன் பிரான்சின் தென்கரையில் இறங்கியது மார்ச் 1. அச்செய்தி பாரிசில் அப்போது ஆட்சியில் இருந்த அரசர் பதினெட்டாம் லூயியை எட்டியது மார்ச் 5. நெப்போலியனைத் துரோகி என்றும் கலகக்காரர் என்றும் அறிவிக்கும் அரசாணை மார்ச் 6ஆம் தேதியிட்டு, மறுநாள் மோனித்தரில் வந்தது. மார்ச் 20இல் நெப்போலியன் பாரிசுக்குள் நுழைந்தார். மறுநாள் அதே நாளிதழ், பேரரசர் அரண்மனைக்கு வந்துவிட்டார் என்று அறிவித்தது. எல்பாவை விட்டு அவர் புறப்பட்ட உடனேயே வசைத் தலைப்பு வந்தது என்பது, செய்தி நகர்ந்த வேகத்துக்கே பொருந்தாது.

"விவரம் தவறாக இருக்கலாம், கருத்து சரிதானே? அந்த நாளிதழ் கட்சி மாறியது உண்மைதானே?" என்று கேட்கிறார்கள். என்னை மிகவும் சலிப்படையச் செய்யும் வாதம் இது. கருத்தும் சரியில்லை என்பதே என் பதில். மோனித்தர் அரசின் இதழ். ஆட்சி யார் கையில் இருந்ததோ, இதழும் அவர் கையில் இருந்தது. மார்ச் 19 இரவில் அரசர் பாரிசை விட்டு ஓடினார், மறுநாள் இதழ் கைமாறியது, அதனால் அதன் குரலும் மாறியது. துணுக்கு சொல்வதோ வேறு கதை: ஓர் ஆசிரியர் நாள்தோறும் காற்று வீசும் திசையை மோப்பம் பிடித்து, அச்சத்தில் ஒவ்வொரு சொல்லாகப் பணிந்தார் என்ற கதை. முதலாவது, அரசு தன் குரலாகவே நாளிதழ் நடத்தினால் என்ன ஆகும் என்பதைக் காட்டுகிறது. இரண்டாவது, பத்திரிகையாளர் எல்லோரும் கோழைகள் என்ற மனப்பதிவை மட்டும் விட்டுச் செல்கிறது.

முதல் உலகப் போர் தொடர்பாகவும் இதே அமைப்பில் ஒரு துணுக்கு உண்டு. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரம் ஜெர்மானியரிடம் வீழ்ந்ததும் தேவாலய மணிகள் ஒலித்தன என்ற ஒரு வரிச் செய்தி, நாளிதழுக்கு நாளிதழ் பெருகி, ஜெர்மானியர் பாதிரியார்களை மணியின் நாவாகத் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள் என்று முடியும். பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் ஆர்தர் பொன்சன்பி, போர்க்காலப் பொய்களைத் தோலுரிக்க 1928இல் எழுதிய நூலில் இதையும் சேர்த்துக்கொண்டார். ஆனால் அந்தத் தொடரே, எதிரி நாட்டு நாளிதழ்களை எள்ளுவதற்காக 1915இல் ஒரு ஜெர்மன் நாளிதழ் கட்டியது. பொய்யை வேட்டையாடியவரே இதில் சறுக்கினார் என்றால், அவசரத்தில் பகிர்பவர்கள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

உண்மையான வேடிக்கைகளுக்குப் பஞ்சமா என்ன? 1918 நவம்பர் 7 அன்று, போர் முடிந்தது என்று அமெரிக்க நாளிதழ்கள் பெரிய எழுத்தில் அச்சிட்டன. நியூயார்க் தெருக்களில் மக்கள் ஆடிப்பாடினார்கள். போர் முடிய இன்னும் 4 நாள்கள் இருந்தன. யுனைடெட் பிரஸ் செய்தி நிறுவனத் தலைவர் ராய் ஹோவர்ட், பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்தில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளபதி வில்சன் சொன்னதை நம்பித் தந்தி அனுப்பினார். சொன்னவர் உயர் பதவியில் இருந்ததையே உறுதிப்பாடாக எடுத்துக்கொண்டதுதான் பிழை. போட்டி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ், வாசகர்களின் ஏச்சைத் தாங்கிக்கொண்டு அச்செய்தியை வெளியிட மறுத்தது. அந்த மறுப்பை ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்கு நான் சொல்கிறேன்.

ஆனால் சிரிப்பு தொண்டையில் நின்றுவிடும் தலைப்புகளும் உண்டு. பிரிட்டனுக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடந்த ஃபாக்லாந்துப் போரில் அர்ஜென்டினாவின் பெல்கிரானோ கப்பல் தாக்கப்பட்டபோது, 1982 மே 4 அன்று லண்டனின் 'சன்' நாளிதழ், 'மாட்டினாயா!' என்று பொருள்படும் ஒற்றைச் சொல்லைத் தலைப்பாக்கியது. உயிர்ச்சேதம் தெரியவரத் தொடங்கியதும் அடுத்தடுத்த பதிப்புகளில் தலைப்பை மாற்றினார்கள். அக்கப்பலில் இறந்தவர்கள் 323 பேர். அந்தப் பக்கத்தை நகைச்சுவைத் தொகுப்பில் தயவுசெய்து சேர்க்காதீர்கள்.

பழைய தலைப்பு எதையும் நாளிதழின் பெயர், தேதி, பக்கப் படம் மூன்றும் கையில் இல்லாமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள். 'ஒரு நாளிதழில் வந்தது' என்பது ஆதாரம் அல்ல. பிரான்சின் தேசிய நூலகமும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் பழைய நாளிதழ்களைப் பக்கம் பக்கமாக இணையத்தில் வைத்திருக்கின்றன. தேடிப் பார்க்கச் சோம்பல்பட்டு விட்டு, "எல்லோரும் பகிர்ந்தார்கள்" என்று என்னிடம் சொல்லாதீர்கள். தலைப்புகள் வரிசையாக, படிக்கட்டுப் போல ஒழுங்காக ஏறி இறங்கினால், அங்கேயே நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள். உண்மையான செய்தி மேசையில் அப்படி ஒழுங்கு வாய்ப்பதே இல்லை. போர்முனையில் படைவீரர்களே கேலிக்காக அச்சிட்ட 'வைப்பர்ஸ் டைம்ஸ்' போன்ற இதழ்களின் நகைச்சுவையை, நகைச்சுவை என்று குறிப்பிட்டே வெளியிடுங்கள்.

ஆண்டு மலர்க் கட்டுரையை எழுதிய மாணவி முதலில் வருத்தப்பட்டார். பிறகு துணுக்கை நீக்கிவிட்டு, மார்ச் 7, மார்ச் 21 ஆகிய இரண்டு நாள் மோனித்தர் பக்கங்களை அருகருகே வைக்கிறேன் என்று எழுதி அனுப்பியிருக்கிறார். கட்டுரைக்கு அரைப் பக்கம் கூடுதலாகத் தரும்படி மலர்க் குழுவிடம் நான் கேட்டிருக்கிறேன்.