மோட்டாரை மாற்றும் முன் காது கொடுத்துக் கேளுங்கள்

"மோட்டார் போய்விட்டது, புதிது போட்டுவிடுங்கள்." பவர் விண்டோ, அதாவது சுவிட்சை அழுத்தினால் ஏறி இறங்கும் கதவுக் கண்ணாடி, நின்றுபோன வண்டிகள் பெரும்பாலும் இந்தத் தீர்ப்போடுதான் என்னிடம் வருகின்றன. கதவைப் பிரித்தால் பல நேரம் மோட்டார் நன்றாகவே இருக்கிறது. ஒரு வண்டியில் ஓட்டுநர் பக்க மோட்டாரை ஏற்கெனவே இரண்டு முறை மாற்றியிருந்தார்கள். கோளாறோ கதவின் கீல் பக்கம் இருக்கும் ரப்பர் குழாய்க்குள் ஒளிந்திருந்தது. கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அதனுள் செல்லும் வயர்கள் மடங்கி நிமிர்கின்றன. நாளடைவில் மேலுறை கிழியாமலேயே உள்ளே செம்பு அறுந்துவிடும். சுவிட்சை அழுத்தியபடி கதவை மெல்ல அசைத்துப் பாருங்கள். கண்ணாடி விட்டுவிட்டு நகர்ந்தால் அங்கேதான் சிக்கல்.

நான்கு கண்ணாடிகளும் ஒரே நேரத்தில் நின்றிருந்தால் ஃபியூஸ் அல்லது ரிலேயை (மின்சாரத்தைத் திறந்து மூடும் மின் சுவிட்ச்) பாருங்கள். எரிந்த ஃபியூஸுக்குப் பதில் அதே ஆம்பியர் ஃபியூஸைத்தான் போட வேண்டும். கம்பியைச் சுற்றி ஒப்பேற்றிய வண்டிகளில் வயர்கள் உருகிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அது தீப்பிடிக்க வழி. ஓட்டுநர் பக்கம் மட்டும் இயங்கி மற்றவை இயங்காவிட்டால், மற்றக் கண்ணாடிகளை இயங்கவிடாமல் தடுக்கும் பூட்டுப் பொத்தானை யாரோ அழுத்தியிருக்கக்கூடும்.

ஒரு கண்ணாடி மட்டும் நின்றால், அந்தக் கதவில் உள்ள சுவிட்சையும் ஓட்டுநரிடம் உள்ள சுவிட்சையும் மாறி மாறி அழுத்துங்கள். ஒன்றில் மட்டும் இயங்கினால் மோட்டாரைத் தொடவே வேண்டாம். இரண்டிலும் இயங்காவிட்டால், வண்டியை அமைதியான இடத்தில் நிறுத்தி, சுவிட்சை அழுத்திக் கேளுங்கள். மோட்டார் சுழலும் ஓசை வந்தும் கண்ணாடி அசையவில்லையென்றால் கண்ணாடியை ஏற்றி இறக்கும் அமைப்பான ரெகுலேட்டரின் கேபிள் அறுந்திருக்கலாம். ஓசையே இல்லாமல் உள்விளக்கு மட்டும் மங்கினால், மின்சாரம் போகிறது, ஏதோ இறுகிப் பிடித்திருக்கிறது என்று பொருள். விளக்கும் மங்கவில்லையென்றால் சுவிட்ச், வயர், அதன் பிறகே மோட்டார்.

மெதுவாக ஏறும் கண்ணாடிக்குப் பெரும்பாலும் ஓரத்து ரப்பர் பள்ளத்தில் சேர்ந்த தூசியே காரணம். துடைத்துவிட்டுச் சிலிகான் ஸ்பிரே அடித்தால் போதும். எஞ்சின் ஆயிலோ கிரீஸோ தடவாதீர்கள். ரப்பர் கெடும், தூசியும் ஒட்டிக்கொள்ளும்.

கதவை நீங்களே பிரிப்பதானால், மோட்டாரைக் கழற்றும் முன் கண்ணாடியை டேப்பால் சட்டத்தோடு கட்டிவிடுங்கள். பிடிமானம் போன கண்ணாடி சரிந்து விழும். கத்தரி வடிவ ரெகுலேட்டர்களில் முறுக்கிய ஸ்பிரிங் இருக்கும். அது விடுபட்டால் விரலுக்கே ஆபத்து. உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை மறுபடி ஒட்டாவிட்டால் மழைநீர் வண்டிக்குள் இறங்கும்.

பேட்டரியைக் கழற்றி மாட்டிய பின் தானாக ஏறும் வசதி நின்றுபோனால் பழுதென்று பதற வேண்டாம். பல வண்டிகளில் கண்ணாடியை முழுவதும் ஏற்றி, சுவிட்சை விடாமல் சில நொடிகள் பிடித்திருந்தால் பழையபடி ஆகிவிடும். உங்கள் வண்டிக்கான முறை கையேட்டில் இருக்கும். இதைச் செய்து முடிக்கும்வரை, கை சிக்கினால் கண்ணாடி தானாக இறங்கும் பாதுகாப்பும் வேலை செய்யாமல் இருக்கலாம். பல வண்டிகளில் பின்பக்கக் கண்ணாடிகளுக்கு அந்தப் பாதுகாப்பே கிடையாது. பின்னால் குழந்தை இருந்தால் பூட்டுப் பொத்தானை அழுத்தியே வையுங்கள்; இறங்கும்போது சாவியை வண்டியில் விடாதீர்கள்.