குழந்தைக்குப் பேச்சு வரவில்லையா? பரிசோதனைக்கு வருமானச் சான்று தேவையில்லை

இரண்டு வயது தாண்டியும் பேச்சு வராத குழந்தையோடு அரசு மருத்துவமனைக்கு வரும் பெற்றோரில் பலர், அதற்கு முன்பே இ-சேவை மையத்தில் வரிசையில் நின்று களைத்திருப்பார்கள். முதலில் வருமானச் சான்று, பிறகு காப்பீட்டு அட்டை, அதன் பிறகுதான் காதுப் பரிசோதனை என்று யாரோ சொல்லியிருப்பார்கள். சொன்னவர் பெரும்பாலும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர். அவர் சொன்னது தவறு. குழந்தைக்குக் காது கேட்கிறதா, பேச்சு ஏன் தள்ளிப்போகிறது என்று பார்ப்பதற்கு வருமான வரம்பு கிடையாது, எந்த அட்டையும் வேண்டாம், கட்டணமும் இல்லை. சான்றிதழ்கள் பின்னால் வேண்டியிருக்கலாம். அவற்றை எடுக்கும் நாட்களில் பரிசோதனையும் நடந்துகொண்டிருக்க வேண்டும்.

இந்தப் பரிசோதனைக்கான திட்டத்தின் பெயர் ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம். 2013இல் மத்திய அரசு தொடங்கியது. பெயர் வாயில் நுழையாது என்பதால் எல்லோரும் ஆர்.பி.எஸ்.கே. என்கிறார்கள். பிறந்தது முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளின் பிறவிக் குறைபாடு, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றைக் கண்டுபிடித்துச் சிகிச்சைக்கு அனுப்புவது இதன் வேலை. செவித்திறன் குறைவும் பேச்சு மொழித் தாமதமும் அந்தப் பட்டியலிலேயே இருக்கின்றன. கண்டுபிடிக்க வட்டாரந்தோறும் நடமாடும் மருத்துவக் குழு. மேல்சிகிச்சைக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ உள்ள மாவட்ட ஆரம்ப இடையீட்டு சேவை மையம். அதன் ஆங்கிலச் சுருக்கமான டி.இ.ஐ.சி. எங்கே என்று கேட்டால்தான் அங்கே வழி காட்டுவார்கள். பின்னணி இவ்வளவு போதும்.

எப்போது கிளம்ப வேண்டும்

ஆறேழு மாதத்திலிருந்து குழந்தை 'பாபாபா', 'மாமாமா' என்று அசைகளை அடுக்கத் தொடங்கும். ஒன்பது மாதத்தையொட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க வேண்டும். ஒரு வயதையொட்டி 'அம்மா', 'தாத்தா', 'காக்கா' என்று பொருளோடு ஒன்றிரண்டு சொற்கள் வரும். பதினாறு மாதமாகியும் ஒரு சொல்கூட இல்லை என்றாலோ, இரண்டு வயதாகியும் 'பால் தா', 'அப்பா வா' என்று இரண்டு சொற்களைச் சேர்க்கவில்லை என்றாலோ காத்திருக்க வேண்டாம். வந்த சொற்கள் காணாமல் போனால் எந்த வயதானாலும் உடனே போக வேண்டும்.

கொஞ்சம் தாமதமாகப் பேசத் தொடங்கித் தானாகவே சரியாகிவிடும் குழந்தைகளும் இருக்கிறார்கள்தான். ஆனால் உங்கள் குழந்தை அந்த வகையா என்பதை உறவினர் யாரும் பார்வையிலேயே சொல்லிவிட முடியாது. 'ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும்', 'இவன் அப்பாவுக்கும் மூன்று வயதில்தான் பேச்சு வந்தது' என்ற ஆறுதல்களால் ஓர் ஆண்டு ஓடிவிடும். வசம்பை உரைத்து நாக்கில் தடவுவதால் பேச்சு வராது. நாக்குக் கட்டு அறுவை செய்தால் பேசிவிடும் என்று நம்பிப் பணம் கட்டியவர்களும் உண்டு; நாக்குக் கட்டு சில ஒலிகளின் உச்சரிப்பைக் கெடுக்கலாமே தவிர, ஒரு சொல்லும் வராமல் தடுக்காது.

பாட்டி சொல்வதையாவது மன்னித்துவிடலாம். 'மூன்று வயது வரை பாருங்கள்' என்று மருத்துவச் சீட்டு எழுதுகிறவரே சொல்லும்போதுதான் எரிச்சல் வருகிறது. 'மொபைலைக் கொடுக்காதீர்கள்' என்பது அடுத்த பதில். கொடுக்காமல் இருப்பது நல்லதுதான். ஆனால் அதைச் சொல்லிவிட்டுக் காதுப் பரிசோதனைக்கு எழுதித் தராமல் அனுப்பினால், 'பரிசோதனைக்கு எழுதித் தாருங்கள்' என்று கேட்டு வாங்குங்கள். பேச்சுத் தாமதம் என்று வரும் எந்தக் குழந்தைக்கும் முதலில் பார்க்க வேண்டியது காது.

வீட்டில் தட்டையும் கரண்டியையும் தட்டிப் பார்த்து, 'திரும்புகிறான், காது கேட்கிறது' என்று முடிவு கட்டாதீர்கள். குழந்தை உங்கள் கையசைவைப் பார்த்திருக்கலாம், தரையின் அதிர்வை உணர்ந்திருக்கலாம். பலத்த ஓசை மட்டும் கேட்டு, பேச்சின் மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். முழுக்கக் காது கேட்காத குழந்தையும் முதல் சில மாதங்கள் 'ங்கா' சொல்லி விளையாடும். பெரும்பாலான குடும்பங்கள் ஏமாறுவது இங்கேதான்.

அங்கன்வாடியில் நடப்பது

மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். ஆனால் பேச்சைப் பார்க்க வேண்டிய வயது ஒன்றும் இரண்டும். அந்த வயதுக் குழந்தைகள் அங்கே உட்கார்ந்திருப்பதில்லை; சத்துமாவு வாங்க அம்மா வந்துவிட்டுப் போவார், அவ்வளவுதான். குழு வந்த அன்று நீங்கள் இல்லை என்றால் அடுத்த முறை ஆறு மாதம் கழித்து. வேலைக்காக வேறு ஊரில் தங்கியிருப்பவர்களின் பிள்ளைகளும் தனியார் மழலையர் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் இதில் அப்படியே விடுபட்டுப் போகிறார்கள். அங்கன்வாடிப் பணியாளரிடம் குழு வரும் தேதியை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

வந்த அன்றும் கூட்டம் இருக்கும். ஒரு குழந்தைக்குக் கிடைப்பது சில நிமிடம். குழந்தை அழும், அல்லது கூச்சத்தில் வாயைத் திறக்காது. 'வீட்டில் பேசுமா?' என்று கேட்பார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு 'பேசுவான்' என்று சொல்லிவிட்டால் படிவத்தில் இயல்பு என்று எழுதிவிடுவார்கள். அது பின்னால் உங்களுக்கு எதிராகவே காட்டப்படும். என்னென்ன சொற்கள் சொல்கிறது என்று வீட்டிலேயே தாளில் எழுதிக்கொண்டு போய் அதைக் காட்டுங்கள். மூன்றே சொல் என்றால் மூன்றே சொல். பரிந்துரைச் சீட்டைக் கையில் வாங்காமல் திரும்பாதீர்கள். 'நாங்களே கூப்பிடுகிறோம்' என்பதை நம்பிக் காத்திருந்தவர்கள் நிறையப் பேர்.

சீட்டு கிடைக்கவில்லை என்றாலும் வழி அடைபட்டுவிடவில்லை. அரசு மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டு எடுத்துக் குழந்தைகள் நலப் பிரிவு வழியாக நேரே மையத்துக்குப் போகலாம்.

பரிசோதனை நாளில்

இரண்டு பரிசோதனைகள் முக்கியம். ஒலிக்கு உள்காது தரும் எதிரொலியை அளக்கும் ஓ.ஏ.இ. என்பது சில நிமிடத்தில் முடிந்துவிடும். காதில் அழுக்கோ சளியோ இருந்தால் சரியாக வராது. 'சளி போனதும் வாருங்கள்' என்று அனுப்புவார்கள். அப்போது மறு தேதியைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். எழுதாத தேதியில் போனால் மறுபடி முதலிலிருந்து வரிசை.

காதிலிருந்து மூளை வரை நரம்பு ஒலியைக் கடத்துகிறதா என்று பார்க்கும் பெரா என்கிற பரிசோதனைக்குக் குழந்தை தூங்க வேண்டும். இங்கேதான் அலைச்சல் அதிகம். விடியற்காலையில் கிளம்பிப் பஸ்ஸில் நன்றாகத் தூங்கிய குழந்தை, மருத்துவமனையில் விழித்துக்கொண்டு விளையாடும். மதியம் வரை பார்த்துவிட்டு இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். முந்தைய இரவு குழந்தையைத் தாமதமாகத் தூங்க வைத்துச் சீக்கிரம் எழுப்புங்கள். பஸ்ஸில் தூங்கவிடாதீர்கள். முறை வரும் நேரத்தில் வயிறு நிறையப் பால் கொடுங்கள். தூக்க மருந்து கொடுப்பதாக இருந்தால் மட்டும், எத்தனை மணி நேரம் எதுவும் கொடுக்கக் கூடாது என்று முந்தைய நாளே கேட்டுக்கொண்டு அதன்படி செய்யுங்கள். இதையெல்லாம் தேதி கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் பாதிப் பேர் இரண்டாவது முறை வர வேண்டியிருக்காது. சொல்வதற்குத்தான் யாருக்கும் நேரமில்லை.

குறைமாதத்தில் பிறந்து பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தை, கடும் மஞ்சள் காமாலை வந்த குழந்தை, நெருங்கிய உறவில் திருமணம் செய்தவர்களின் குழந்தை என்றால் அதை நீங்களே முதலில் சொல்லுங்கள். தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தைக்கு ஓ.ஏ.இ. மட்டும் செய்து 'பாஸ்' என்று அனுப்பினால் போதாது, பெரா கேளுங்கள்.

காது நன்றாக இருக்கிறது என்று வந்தால் பலரை அங்கேயே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். காதில் பழுது இல்லை என்றால் பேச்சு ஏன் வரவில்லை என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஆட்டிசம், அறிவு வளர்ச்சித் தாமதம், பேச்சு மட்டும் தாமதம் என்று எதுவாகவும் இருக்கலாம். மையத்தில் பேச்சுப் பயிற்சியாளரும் உளவியலாளரும் இருக்க வேண்டும். அவர்கள் எந்தெந்தக் கிழமை வருவார்கள் என்று முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். பயிற்சி வாரம் ஒருமுறை கிடைத்தாலே பெரிது. அதனால் வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள், பயிற்சி நடக்கும்போது உள்ளேயே உட்காருங்கள். வெளியே இருக்கச் சொன்னால் ஏன் என்று கேட்கலாம்.

பயணச் செலவால் பாதியில் நிற்பவர்கள் அதிகம். தமிழ்நாட்டில் சாதாரண கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஐந்து வயது வரை குழந்தைக்கும் டிக்கெட் இல்லை. பழைய பழக்கத்தில் மூன்று வயதுக்கு மேல் அரை டிக்கெட் கேட்கும் நடத்துநரிடம் இதை நினைவுபடுத்துங்கள்.

அடையாள அட்டை என்னும் பொறி

யு.டி.ஐ.டி. என்பது மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை. 'யு.டி.ஐ.டி. அட்டை இருந்தால்தான் பயிற்சி' என்று சொன்னால் ஏற்காதீர்கள். மையத்தில் பயிற்சிக்கு அது நிபந்தனை இல்லை. காது கேட்கும் கருவி, பயணச் சலுகை, உதவித்தொகை போன்றவற்றுக்குத்தான் அட்டை வேண்டும்.

அதைப் பெறுவதிலும் ஒரு சிக்கல். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் இருக்கின்றன. அவற்றில் 'பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு' என்று ஒன்றைப் பார்த்து, இது நம் குழந்தைதான் என்று விண்ணப்பிக்கிறார்கள். அது நரம்பு அல்லது உறுப்புப் பாதிப்பால் வரும் நிரந்தரக் குறைபாட்டுக்கானது. 'பேச்சுத் தாமதம்' என்று மட்டும் எழுதிய சீட்டோடு, சான்று வழங்கும் மருத்துவக் குழு முன் நின்றால் திருப்பி அனுப்புவார்கள். காரணம் செவித்திறனா, ஆட்டிசமா, அறிவு வளர்ச்சியா என்று கண்டறிந்து அந்த வகையில் விண்ணப்பிக்க வேண்டும். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாடு என்பது கோடு. ஒரு காது மட்டும் கேட்காத குழந்தைக்கு அது பொதுவாக எட்டாது. சின்னக் குழந்தைக்குத் தற்காலிகச் சான்று தருவது வழக்கம். அதில் முடியும் தேதி இருக்கும், அதற்கு முன்பே புதுப்பிக்கப் போங்கள்.

கருவி கிடைத்த பிறகும் கவனம் வேண்டும். காது வளர வளர, காதுக்குள் பொருந்தும் அச்சு தளர்ந்து விசில் சத்தம் வரும். குழந்தை கழற்றி எறியும். கருவி அலமாரிக்குப் போகும். அச்சை அவ்வப்போது மாற்ற வேண்டும் என்பதைக் கருவி கொடுக்கும் முகாமில் ஒருவரும் சொல்வதில்லை.

ஆறு வயது என்னும் கோடு

இரண்டு காதுகளிலும் கடுமையான குறைவு இருந்து காது கேட்கும் கருவியாலும் பயனில்லை என்றால், உள்காதில் மின்கருவி பொருத்தும் காக்ளியர் அறுவை சிகிச்சை. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது செய்யப்படுகிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

ஆறு வயது வரை நேரம் இருக்கிறது என்று இதைப் படிப்பவர்கள் அந்த வயதையே தவறவிடுகிறார்கள். முதலில் காது கேட்கும் கருவி பொருத்திச் சில மாதங்கள் பார்க்க வேண்டும், ஸ்கேன் எடுக்க வேண்டும், தடுப்பூசிகள் போட வேண்டும், காப்பீட்டு அனுமதி வர வேண்டும், அறுவைக்குத் தேதி கிடைக்க வேண்டும். ஐந்தரை வயதில் வந்தால் இவற்றுக்கு இடமே இல்லை. அனுமதி கிடைத்தாலும், மூளை பேச்சைப் பிடித்துக்கொள்ளும் நல்ல காலம் அதற்குள் பெரும்பாலும் போயிருக்கும். மூன்று வயதுக்குள், முடிந்தால் இன்னும் முன்னால் செய்வதே பயன்.

சான்றிதழ் சிக்கல்கள் எல்லாம் சேர்ந்து வெடிப்பதும் அப்போதுதான். குடும்ப அட்டையில் குழந்தையின் பெயர் இருக்காது. பிறப்புச் சான்றிதழில் பெயர்ப் பகுதியே காலியாக இருக்கும். பிறந்த ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்த்திருக்கலாம். அட்டை தாத்தா பெயரில், அப்பா வேலை செய்வது வேறு மாவட்டத்தில். ஆதாரில் ஓர் எழுத்து, குடும்ப அட்டையில் வேறு எழுத்து. இப்படி ஒவ்வொன்றும் ஓர் அலுவலகம். பெராவுக்குத் தேதி வாங்கிய அன்றே பெயர் சேர்க்கும் வேலையைத் தொடங்கிவிடுங்கள். காப்பீட்டு அட்டையை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள திட்ட மையத்தில் எடுக்க வேண்டும். இடைத்தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

அறுவை முடிந்தால் குழந்தை மறுநாளே பேசாது. அதன் பிறகு கேட்டுப் பேசும் பயிற்சிக்குத் தொடர்ந்து போக வேண்டும், அதுவும் திட்டத்தில் அடங்கும். பயிற்சிக்கு வராத நாட்களைக் காரணம் காட்டிப் பின்னால் கைவிரிப்பார்கள், ஆகவே வருகையைப் பதிந்து வையுங்கள். காதுக்கு வெளியே மாட்டும் கருவியின் உத்தரவாதக் காலம் எப்போது முடிகிறது, அதன் பிறகு வயர், பேட்டரி, பழுதுக்கு யார் பொறுப்பு என்பதை அறுவைக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். அந்தச் செலவில் திணறிக் கருவியை மூடி வைத்த வீடுகள் இருக்கின்றன.

எந்த இடத்தில் தடங்கல் வந்தாலும் வாய்ச் சண்டை போடுவதில் பயனில்லை. அரசின் மருத்துவ உதவி எண்ணான 104க்கு அழைத்துப் புகார் பதியலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்து மக்கள் குறைதீர் நாளில் மனு கொடுத்து, மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். மனுவில் குழந்தையின் பிறந்த தேதியை முதல் வரியில் எழுதுங்கள். எந்தத் தேதியில் யார் எந்தப் பிரிவுக்கு அனுப்பினார்கள் என்பதைச் சீட்டுகளின் நகலோடு வரிசையாகக் காட்டுங்கள். அசல் எதையும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.