மலிவுத் துப்பாக்கியைத் திட்டுவதற்கு முன் சோக்கைப் பாருங்கள்

வாய்ப்பக்கம் புடைத்துப்போன குழல் இன்னொன்று பட்டறைக்கு வந்திருக்கிறது. துருக்கியில் செய்த 12 போர் இரட்டைக்குழல், வாங்கி ஒரு பருவம்கூட ஆகவில்லை. "துருக்கிச் சரக்கு, வேறெப்படி இருக்கும்?" என்று தீர்ப்பும் கூடவே வந்துவிடுகிறது. சோக் (குழல் வாயில் திருகும், ரவை பரவும் அகலத்தை மாற்றும் சிறு குழாய்) பாதித் திருகில் நின்றிருக்கிறது, ஐயா. அதன் உள்விளிம்பு படிபோல் நீட்டிக்கொண்டிருந்தால் ரவை, அதாவது தோட்டாவிலிருந்து கிளம்பும் சிறு குண்டுகள், அதில் மோதத்தான் செய்யும். இத்தாலியக் குழலும் இதே இடத்தில்தான் புடைக்கும்.

பிரிட்டனில் 1000 பவுண்டுக்குள் புதிய இரட்டைக்குழல் என்றால் பெரும்பாலும் துருக்கிதான். கொன்யா மாகாணத்து ஹுக்லு ஊரே துப்பாக்கி செய்து பிழைக்கிறது. இல்டிஸ், ஹட்சன், ஆட்டா போன்ற கம்பெனிகள் துருக்கியின் வேறு ஊர்களைச் சேர்ந்தவை. குழல் பொதுவாக நன்றாகவே இருக்கும். சிக்கனம் தெரிவது ஸ்பிரிங், சுட்ட உறையை வெளியே தள்ளும் எஜெக்டர், மரமும் இரும்பும் சேரும் இடம் ஆகியவற்றில். அதனால் விலை கேட்கும் முன், தோட்டாவை அடிக்கும் ஃபயரிங் பின்னும் எஜெக்டர் ஸ்பிரிங்கும் இங்கேயே கிடைக்குமா என்று கேளுங்கள். கடைக்காரர் மழுப்பினால் அதே காசுக்குப் பழைய பெரெட்டாவோ மிரோக்குவோ தேடலாம்.

எனக்கு எரிச்சல் மூட்டுவது வேறொன்று. "ஃபுல் சோக் போட்டால் தூரம் போகும்" என்ற பேச்சு (ஃபுல் என்பது ஆக இறுக்கமான சோக்). போகாது! வேகம் வெடிமருந்திலிருந்து வருகிறது. எந்த சோக்காக இருந்தாலும் ரவை ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் கிளம்புகிறது. மாறுவது பரவும் அகலம் மட்டும். 40 கஜத்தில் 30 அங்குல வட்டம் வரைந்து சுட்டால், ஃபுல்லில் சுமார் 70 சதம் ரவை உள்ளே விழும். அரை சோக்கில் 60, இறுக்கமே இல்லாத சிலிண்டரில் 40. கிளப்பில் பறக்கவிட்டு உடைக்கும் இலக்குத் தட்டுகளில் பெரும்பாலானவை அதைவிடக் கிட்டத்தில் பறப்பவை. 20 கஜத்தில் ஃபுல் சோக்கின் ரவைக் கூட்டம் ஒரு தாம்பாள அகலத்துக்குள் அடங்கிவிடும். புதிதாகச் சுடுபவர் 110 மில்லிமீட்டர் தட்டை அதை வைத்துத் துரத்திவிட்டு, "துப்பாக்கி சரியில்லை" என்று வருகிறார். அந்தத் தூரத்தில் ஃபெசன்ட் பறவை மேல் பட்டாலோ சமைக்க ஒன்றும் மிஞ்சாது. கீழ்க்குழலுக்குக் கால் சோக், மேல்குழலுக்கு அரை சோக். முதல் வருடம் இதை மாற்றவே வேண்டாம்.

ஸ்டீல் ரவைக்கு இது இன்னும் முக்கியம். ஸ்டீல் நசுங்காது, 4 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட ரவையை அரை சோக்கைவிட இறுக்கமானதில் சுடக் கூடாது. ஈய ரவைக்குத் தடை வருகிறது என்று 2025 ஜூலையில் பிரிட்டன் அரசு அறிவித்துவிட்டது, மாறிக்கொள்ள 3 ஆண்டு. ஆகவே இன்று வாங்குபவர் குழலில் லில்லிப்பூ முத்திரை இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். உயர் அழுத்த ஸ்டீல் தோட்டாவுக்குச் சோதித்த குழலுக்குத்தான் அந்த முத்திரை. ஸ்டீல் லேசானது என்பதால் இரண்டு அளவு பெரிய ரவை தேவை: ஈயத்தில் 6 என்றால் ஸ்டீலில் 4 (எண் குறையக் குறைய ரவை பெரியது).

சேம்பர், அதாவது குழலில் தோட்டா உட்காரும் அறை, அதன் நீளம் பற்றி ஒரு வார்த்தை. 76 மில்லிமீட்டர் தோட்டா 70 மில்லிமீட்டர் சேம்பருக்குள் சிரமமில்லாமல் நுழையும். "நுழைந்ததே, பொருந்தும்" என்று நினைக்காதீர்கள். அந்த எண் சுட்டபின் வாய் விரிந்த உறையின் நீளம். விரிய இடமில்லாவிட்டால் அழுத்தம் தாறுமாறாக ஏறும்.

தட்டுக்கும் வேட்டைக்கும் ஒரே துப்பாக்கி என்றால் எடையைப் பாருங்கள். அலுமினியக் கலவை உடலுடன் 2.8 கிலோவில் வருவது வயல்வெளியில் நாள் முழுக்கச் சுமக்கச் சுகம். அதில் 28 கிராம் தோட்டா 100 சுட்டால் மறுநாள் தோள் நீலம் பாரிக்கும். எஃகு உடல், 3.3 கிலோவை ஒட்டிய எடை, 28 அல்லது 30 அங்குலக் குழல். இரண்டுக்கும் ஒத்துவரும். லேசானதைத்தான் வாங்கினேன் என்பவர்கள் தயவுசெய்து 21 கிராம் தோட்டாவுக்கு இறங்குங்கள்.

கடையில் குழலுக்குக் கீழே கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றி, குழலை மூடிப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வைத்துவிடுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பாருங்கள், நிழல் வளையம் தெரிந்தால் புடைப்பு. ஸ்னாப் கேப் (டம்மித் தோட்டா) போட்டு விசையை அழுத்தியதும் இரண்டாவது குழல் அடிக்கவில்லை என்றால் பதற வேண்டாம். பல மாடல்களில் பின்னுதைப்புத்தான் விசையை அடுத்த குழலுக்கு மாற்றும். பின்கட்டையைக் கையால் ஒரு தட்டுத் தட்டினால் போதும். (இதற்காகவே பட்டறைக்குக் கொண்டுவருபவர்கள் வாரம் தவறுவதில்லை.)

20 போர் தோட்டாவையும் 12 போர் தோட்டாவையும் ஒரே பையில் போடாதீர்கள். 20 போர் உறையை மஞ்சளாகச் செய்வதே இதற்காகத்தான். அது 12 போரைவிட ஒல்லி, 12 போர் குழலுக்குள் வழுக்கிச் சென்று சிக்கிக்கொள்ளும். குழல் காலியென்று நினைத்துப் பின்னால் இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், விரல்களும் போகும்.

சோக்குக்கு வருகிறேன். திருகில் மெல்லிய கிரீஸ் தடவி, சாவியால் முழுக்க இறுக்குங்கள். ஒவ்வொரு 25 தோட்டாவுக்கும் துப்பாக்கியைத் திறந்து, இரண்டு குழலும் காலி என்று பார்த்தபின் ஒருமுறை சரிபாருங்கள். வேறு கம்பெனி சோக் திருகில் ஏறுகிறது என்பதற்காகப் போடாதீர்கள். திருகு ஒத்தாலும் உள்விட்டம் ஒத்திருக்க வேண்டியதில்லை. எந்தத் திருகு என்று தெரியாவிட்டால் வாங்குவதற்கு முன் குழலைக் கொண்டுவந்து காட்டுங்கள், அளந்து சொல்ல ஐந்து நிமிடம்.